காய்ந்த தலையைத் துடைத்தவன்

அன்பு மகளுக்கு, உன்னைப் பெற்ற அப்பா சொல்லச் சொல்ல, மாடிவீட்டுத் தபால்காரர் எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேரன் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் வேண்டுதல். இங்கே நானும் உன் தம்பியும் மருமகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், வலது கண்ணில் புரை எடுத்த பிறகு சுவரில் போகிற எறும்பு வரைக்கும் தெரிகிறது, முழங்கால் மட்டும் படி ஏறும்போது என்னைத் திட்டுகிறது. வழக்கமாக என் கடிதத்தைப் பாதிரியாரின் மனைவிதான் எழுதிக் கொடுப்பார், அந்த முத்துமுத்தான கையெழுத்தைக் காணோமே என்று பிரித்ததும் நீ பயந்திருப்பாய், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அவர் எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்கு முகமில்லை. உன் தம்பியிடம் சொன்னால் பாதியிலேயே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அதனால் தபால்காரரைப் பிடித்தேன், முப்பத்தைந்து வருஷம் ஊரார் கடிதத்தையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவர், உள்ளே என்ன இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறார், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்பாய், நான் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் நழுவிவிடுவேன், அறுபது வருஷமாக நழுவின பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அண்ணன் என்று கூப்பிடுகிற நம் பாதிரியாருக்கு வருகிற மாதம் கத்தோலிக்கச் சபையில் குருப்பட்டம் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டதாகச் சொன்னாய், புதுப் புடவை வாங்கியதைக்கூடச் சொன்னாய். அந்தப் பட்டம் வருகிற மாதம் இல்லை அம்மா. நின்றுபோய்விட்டது. நிறுத்தியது அவர்கள் இல்லை, நான்தான். தபால்காரர் இந்த இடத்தில், நிற்கும்படி ஆகிவிட்டது என்று எழுதட்டுமா, கொஞ்சம் மென்மையாக இருக்கும் என்கிறார். வேண்டாம், நான் நிறுத்தினேன் என்றே எழுதுங்கள் என்று சொன்னேன். உடனே நீ கோபப்படாதே, அல்லது கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நம் பாதிரியாருக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்த நாளில் எனக்கு இருபத்தைந்து வயது. நம் ஆங்கிலிக்கன் கோயிலில் மணியடித்து, பெஞ்சு துடைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிற வேலையில் சேர்ந்து நாலே மாதம், கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் நம் வீடு, உன் அம்மா வயிற்றில் நீ மூன்று மாதம். பிள்ளை யாருடையது என்றால் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவருடையது, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தது, ஏழு வாரக் குழந்தை. அதனால் அன்று கோயிலில் நிற்க இடமில்லை. ஞானஸ்நானத் தொட்டி கல்லில் செய்தது, அதன் நடுவில் பதிகிற மாதிரி ஒரு பித்தளைக் கிண்ணம், மேலே மர மூடி. கிண்ணத்தைத் தேய்ப்பதும் தண்ணீர் நிரப்புவதும் பிள்ளையின் தலையைத் துண்டால் துடைப்பதும் என் பொறுப்பு. இவன் தேய்த்தால் முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம்பா என்று கோயில் செயலாளர் நாலு பேர் எதிரே சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. அன்றைக்கு விடியற்காலையிலேயே சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் நின்றால் பித்தளையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும், அதனால் துணியால் ஒத்தி ஒத்தி ஒரு சொட்டு இல்லாமல் உலர்த்தி, தொட்டியில் உட்காரவைத்து, இரண்டு தடவை தள்ளி நின்று அழகு பார்த்து, மூடியைப் போட்டேன். குடத்துத் தண்ணீரை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அதை மறந்தேன். வேலை பளபளக்கிற கர்வத்தில் மறந்தேன்.

அப்போதிருந்த பழைய பாதிரியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை, சர்க்கரை வியாதியில் விரல் நுனி மரத்துப் போயிருந்தது, கொதிக்கிற டம்ளரைச் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு பேசுவார், பார்க்கிற நமக்குத்தான் கை எரியும். ஜெபமெல்லாம் மனப்பாடம், அதனால் அவருக்குக் கண் போனது பாதிப் பேருக்குத் தெரியாது. பிள்ளையின் தகப்பன் அந்தப் பக்கம் ஆர்கனில், தாயும் ஞானப்பெற்றோரும் இரண்டு படி கீழே. தொட்டிக்குப் பக்கத்தில் துண்டோடு நான் ஒருவன்தான். மூடியை எடுத்ததும் பார்த்துவிட்டேன், கிண்ணம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, என் முகம் அதில் தெரிகிறது. அதற்குள் அவர் தண்ணீர் மொள்ளுகிற வெள்ளிச் சிப்பியைக் கிண்ணத்தில் விட்டுவிட்டார். சிப்பி பித்தளையில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது, பிள்ளை வீறிட்டதில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. மூன்று தடவை மொண்டார், மூன்று தடவை அந்த நெற்றியில் கவிழ்த்தார், திருநாமம் சொன்னார். பிள்ளையை என் பக்கம் நீட்டினார். ஐயா கொஞ்சம் பொறுங்க, தண்ணி ஊத்தல என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், செயலாளர் முன் பெஞ்சில் இருந்தார். நான் காய்ந்த தலையைத் துடைத்தேன். ஈரத்தைத் துடைக்கிற மாதிரியே நெற்றியில், காதோரத்தில், பின்கழுத்தில் அக்கறையாகத் துடைத்து, தாயின் கையில் கொடுத்தேன். எவ்வளவு பதமாத் துடைக்கிறீங்க, அடுத்த பிள்ளைக்கும் நீங்கதான் என்றார் அந்த அம்மாள்.

எழுதிக்கொண்டிருந்த தபால்காரர் பேனாவை மூடிவிட்டார். டீ குடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்திருக்கிறோம். அன்று சாயங்காலமே பழைய பாதிரியாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை ஊற்றியிருப்பார், நாலு மாத வேலைக்காரனை வேண்டுமானால் நாலு வார்த்தை திட்டியிருப்பார். வேலை போய்விடும், அறை போய்விடும், உன் அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவேன் என்று பயந்தேன். அப்படி உனக்குச் சாக்கு சொல்கிறேன், ஆனால் உண்மையில் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன், ஒரு வாரம் தாண்டினால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று வேறு பயம் வந்தது, ஒரு வருஷத்தில் பழைய பாதிரியாரே போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

உனக்கும் அவருக்கும் எட்டு மாத வித்தியாசம், நீங்கள் இரண்டு பேரும் கோயில் முற்றத்தில் விளையாடியது உனக்கே தெரியும். பெஞ்சின் மேல் ஏறி நின்று உன்னையும் இரண்டு பூனையையும் உட்காரவைத்துப் பிரசங்கம் பண்ணுவார், நீ தூங்கிவிட்டால் பூனையைப் பார்த்துப் பேசுவார். அவர் பாதிரியார் ஆகப் படிக்கப் போகிறார் என்று ஆர்கன்காரர் வந்து சொன்ன நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. படித்து, பட்டம் வாங்கி, வேறு வேறு கோயிலில் இருந்து, முப்பத்துநாலு வயதில் நம் கோயிலுக்கே பாதிரியாராக வந்தார். பத்தொன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டாது, செத்த வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் போய் நிற்பார், கையில் காசு நிற்காது. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் பக்கத்தில் துண்டோடு நின்றேன், தலையைத் தொட்டபோதெல்லாம் ஈரமாக இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி, நான் பண்ணின கோளாறு என்னோடு நின்றுவிட்டது என்று. ஒரு தடவை ஒரு பிள்ளை வீட்டாரிடம், என் தலையில முதல் துண்டு போட்டது இந்த மாமாதான் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் மெழுகுவத்தியைச் சரிபண்ணப் போகிற மாதிரிப் போய்விட்டேன்.

அப்புறம் அவருக்குள் அந்தக் குடைச்சல் வந்தது. மேசையில் புத்தகம் ஏறியது, உடம்பு இளைத்தது. ஒரு நாள் பீடத் துணியை இரண்டு பேருமாக மடித்துக்கொண்டிருந்தபோது, மாமா, நல்ல வீடு, நல்ல மனுஷங்க, ஆனா பத்திரம் வேற ஒருத்தர் பேர்ல இருக்கோன்னு சந்தேகம் வந்துட்டா அந்த வீட்டுல எப்படி நிம்மதியா இருக்க முடியும், சொல்லுங்க என்றார். படிக்காத எனக்கு எந்தச் சபைக்கு எந்தப் பத்திரம் என்று என்ன தெரியும். நன்றாகச் சாப்பிடுங்க ஐயா, எல்லாம் சரியாகும் என்று சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிஷப்புக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, கடைசி ஞாயிறு அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கத்தோலிக்கச் சபைக்குப் போனார். எலெக்ஷன் வரப்போகுதா, பாதிரியார் கட்சி மாறிட்டாரே என்று சலூனில் சிரித்தார்கள். அந்தப் பக்கம் சம்பளம் ஜாஸ்தியாம் என்று கோயில் கமிட்டியில் பேசினார்கள். அந்தப் பக்கம் அவருக்குச் சம்பளமே கிடையாது, பெண்டாட்டி இருக்கிறவருக்கு அங்கே குருவாக வழி இல்லை, இங்கே வாங்கிய பட்டமும் அங்கே செல்லாது. அவர் மனைவி பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டே, பத்தொன்பது வருஷத்துக்கு இத்தனை சாக்குதானா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நாலே நாளில் கோயில் பங்களாவைக் காலி பண்ணி, அச்சகத்துக்கு எதிரே இரண்டு அறையில் குடியேறி, அந்த அச்சகத்திலேயே கல்யாணப் பத்திரிகைக்கும் பள்ளிக்கூடக் கையேட்டுக்கும் பிழை திருத்துகிற வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைசி பெஞ்சில் உட்காருவார்.

அவரை அங்கே சேர்த்துக்கொள்ளும் முன் ஞானஸ்நானத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். நம் கோயிலில் அந்த வருஷத்து ரிஜிஸ்டர் கூரை ஒழுகி நனைந்து பக்கமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், இருக்கக் கூடாத இடத்தில் வந்து நின்றது. தாய் தகப்பன், ஞானப்பெற்றோர் எல்லாரும் போயாச்சு. அவர் நேரே நம் வீட்டுக்கு வந்து, மாமா உங்க ஞாபகம்தான் எனக்கு ரிஜிஸ்டர் என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். கத்தோலிக்கச் சாமியார் சின்ன வயதுக்காரர், தங்கமான பிள்ளை. சந்தேகம் இருந்தா ஒரு நிமிஷ வேலை, ஒருவேளை முன்னாடி நடக்கலேன்னா இப்ப கொடுக்கிறேன்னு சொல்லி இன்னொரு தடவை ஊத்திடலாம் என்றார். அந்த வார்த்தையைக் கவனி அம்மா, ஒரு நிமிஷ வேலை. அதற்கு நம் பாதிரியார், வேண்டாம் சாமி, எல்லாத்தையும் அங்க விட்டுட்டு வர்றேன், நான் கையோட கொண்டு வர்றது அந்த ஞானஸ்நானம் ஒண்ணுதான், அதையும் சந்தேகத்தோட கொண்டு வர மாட்டேன், பார்த்தவர் இதோ இருக்கார் என்று என்னைக் காட்டினார். நான் பார்த்தேன், மூன்று தடவை ஊற்றினார் என்று சொன்னேன். அப்படியே எழுதி வாசித்தார்கள், கட்டைவிரலை வைத்தேன். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். சொன்னால் அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்றுதான் வாய் திறக்கவில்லை.

இப்போது இந்த வருஷம் மேலிடத்திலிருந்து விசேஷ அனுமதி வந்தது, வேறு சபையில் பாதிரியாராக இருந்தவர் என்பதால் மனைவி இருந்தும் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று. அதற்குப் பழைய காகிதத்தையெல்லாம் திரும்ப ஒரு தடவை சரிபார்க்க வேண்டுமாம். சாட்சி உயிரோடு இருக்கிறாரா, அழைத்து வாருங்கள் என்றார்கள். அந்தச் சின்ன வயதுச் சாமியாரே மேசைக்குப் பின்னால், நம் பாதிரியாரும் மனைவியும் எனக்கு இரண்டு பக்கமும். சும்மா ஒரு முறைக்குத்தான் தாத்தா, போன தடவை சொன்னதையே சொல்லுங்க என்றார் சாமியார். பக்கத்தில் நாற்காலியின் முதுகில் பட்டத்துக்குத் தைத்த வெள்ளை அங்கி ஒன்று மடித்துப் போட்டிருந்தது, தையல் ஊசி ஒன்று அதில் குத்தியபடியே இருந்தது. ஞானஸ்நானம் இல்லாதவருக்குப் பட்டம் கொடுத்தால் அது பட்டமே ஆகாது என்று அதற்கு முந்தின வாரம்தான் அவர் மனைவி பேச்சுவாக்கில் எனக்குச் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அவர் இனிமேல் வைக்கிற ஒவ்வொரு பூசையும் என் பொய்யின் மேல் நிற்கும். நான் சொல்லிவிட்டேன். கிண்ணம் காய்ந்திருந்தது, நான்தான் தண்ணீர் ஊற்றவில்லை, தலையும் காய்ந்திருந்தது என்று.

சாமியார்தான் எனக்கு ஒரு வழி விட்டார். தாத்தா, அறுபது வருஷம் ஆச்சு, வயசானா நினைவு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், வேற பிள்ளையோட ஞானஸ்நானத்தை நினைச்சுக்கிறீங்களோ என்றார். ஆமாம் சாமி, குழம்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் எழுந்து சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம், பாதிரியாரின் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழம்பவில்லை. பிள்ளைக்குப் போட்டிருந்த தொப்பியின் நாடா நீலம், ஞானத்தாய்க்கு இடது கண்ணில் கட்டி, ஆர்கனில் ஒரு கட்டை அமுங்கி எழும்பவில்லை, அதற்காகத் தகப்பன் குனிந்து நிமிண்டிக்கொண்டிருந்தார், அதனால்தான் அவர் பார்க்கவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். பாதிரியார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நாடா நீலம்தான் சாமி, அந்தத் தொப்பி இன்னும் எங்கிட்ட இருக்கு என்றார். எழுந்து வெளியே போனார். அந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டாம்.

பதினோரு நாள் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. மனைவி ஒரு நாள் வந்தார், உட்காரவில்லை, வாசலில் நின்றபடியே, ஆறு வருஷமா ஒரு பிழைகூட விடாம அடுத்தவன் எழுத்தைத் திருத்திக்கிட்டு இருந்தார், அவர் தலையிலேயே ஒரு பிழையை வச்சிட்டுச் சும்மா இருந்துட்டீங்களே என்றார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவருக்கு உடனே பட்டம் கொடுக்க மாட்டார்களாம், ஒரு வருஷமாவது பொறுக்க வேண்டும், கூடவும் ஆகலாம் என்று ஆயர் சொல்லிவிட்டதாகவும், வந்த அனுமதியைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்றும் அவர்தான் சொன்னார். பாதிரியாருக்கு வயது ஐம்பத்தொன்பது. பன்னிரண்டாம் நாள் பாதிரியாரே வந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னேன், நின்றார். மாமா, அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா எனக்குக் கோபமே வந்திருக்காது, ஏழு வாரக் குழந்தை, கோபப்படத் தெரியாது, இப்ப நல்லாத் தெரியுது என்றார். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. மன்னிச்சிடுங்க ஐயா என்றேன். கேட்டுட்டீங்க, கொடுக்க நாளாகும் என்றார். போகும்போது திரும்பி, உங்க மகளுக்கு எழுதிடுங்க, இத்தனை வருஷம் என்னை அண்ணன் அண்ணன்னு கூப்பிட்டா, ஞானஸ்நானக் கணக்குப்படி இனிமே அவதான் எனக்கு அக்கா என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கத்தோலிக்கக் கோயிலில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. கூட்டமில்லை, பாட்டில்லை, கூட்டிப் பெருக்குகிற அம்மாள் ஒருத்தி ஓரமாக விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நின்றாள். பத்தொன்பது வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்த மனுஷர், அந்தச் சின்ன வயதுச் சாமியார் முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். உச்சியில் முடி கொட்டியிருக்கிறது. சாமியார் முதல் தடவையே நிறைய ஊற்றிவிட்டார், தண்ணீர் காதுக்குப் பின்னால் இறங்கி, காலருக்குள் போய், முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டது. அவர் துடைக்கவில்லை, அவர் மனைவி துடைக்கப் போனபோதும் கையைத் தடுத்துவிட்டார், அப்படியே சொட்டச் சொட்ட நின்றார். அப்புறம் ரிஜிஸ்டர் கொண்டு வந்தார்கள். நான் வேறு சபைக்காரன், ஞானத்தகப்பனாக முடியாது, ஆனால் சாட்சிக்கு வைக்கலாமாம். என்னைக் கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை, கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டேன். பாதிரியார்தான், மாமா வாங்க என்றார். சாமியார் மைப் பெட்டியைத் திறந்ததும் அவர் கையை நீட்டி மறித்தார். சாமி, முதல்ல வாசிச்சுக் காட்டுங்க, அவர் பார்த்ததுதானான்னு ஒவ்வொரு வரியா அவரைக் கேளுங்க, அப்புறம் வைக்கட்டும் என்றார். அந்த அம்மாள் விளக்குமாற்றோடு கேட்டுக்கொண்டு நிற்க, எண்பத்துநாலு வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றேன். தண்ணீர் ஊற்றப்பட்டது, பார்த்தீர்களா. பார்த்தேன். மூன்று தடவை, பார்த்தீர்களா. பார்த்தேன். தலை நனைந்தது, பார்த்தீர்களா. பார்த்தேன். கட்டைவிரலை வைத்தேன், மை கொஞ்சம் சிந்தியது, அவர் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார்.

உன் மகனைப் பற்றி நீ பயப்படுவாய் என்று தெரியும், அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இவர்தானே. சாமியாரிடம் வாய்விட்டுக் கேட்டேன், தண்ணீர் ஊற்றித் திருநாமம் சொல்லிக் கொடுத்திருந்தால் கொடுத்தவர் யாராக இருந்தாலும் செல்லும் என்றார். அவன் தலை நனைந்தது, நான்தான் துடைத்தேன், இதில் நான் உனக்குப் பொய் சொல்லவில்லை. அவர் கொடுத்த மற்றதெல்லாம், நற்கருணையும் கல்யாணமும், என்னவாயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். கோயில் வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகியும் சாவிக் கொத்தில் ஒன்றை நினைவுக்கு வைத்திருந்தேன், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ ஊருக்கெல்லாம் எங்கப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனா வாயில பொய் வராது என்று சொல்வாயாம், மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னார். இனிமேல் அப்படிச் சொல்லாதே. யாராவது கேட்டால் எங்கப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதோடு நிறுத்திக்கொள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், பல் வலியைத் தள்ளிப்போடாதே, தள்ளிப்போட்டால் எதுவும் குறையாது. மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம், ஆசீர்வாதம் என்று சொல்லவே நாக்குக் கூசுகிறது, ஆனாலும் தகப்பன் கொடுக்காமல் யார் கொடுப்பார், வாங்கிக்கொள். டிக்கெட்டை என்ன செய்வது என்று நீ முடிவு பண்ணு, வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. வந்தால் பெட்டியோடு நேரே அச்சகத்துக்கு எதிர்வீட்டுக்குப் போ. அங்கே இருந்துவிட்டு, உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது இங்கே வா.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கட்டைவிரல் ரேகை. சொன்னதை வரி வரியாக வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு வைத்தது. மாடிவீட்டுத் தபால்காரர்.)